வேடந்தாங்கலுக்கு வரும் உங்களுக்கு, வழியில் இருக்கும் ஊரிலிருந்து ஒரு மடல்

வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வரும் அனைவருக்கும்,

வணக்கம். படாளம் கூட்டுரோட்டில் திரும்பி நீங்கள் சரணாலயத்துக்குப் போகிற வழியில், வாசலுக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் எங்கள் நிலம் இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து நெல்தான் பயிர். கார்த்திகை பிறந்துவிட்டால் சனி, ஞாயிறுகளில் உங்கள் வண்டிகள் வரிசையாகப் போவதை வரப்பில் நின்று பார்க்கிறேன். கண்ணாடி ஏற்றிய கார்கள், பின்சீட்டில் தூங்கும் பிள்ளைகள், முன்சீட்டில் மடியில் பெரிய கேமரா. எங்கள் ஊரைத் தாண்டும்போது யாரும் வெளியே பார்ப்பதில்லை. ஏரி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

சரணாலயம் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் தொடங்குவதாக நினைக்கிறீர்கள். 1998-ல் அரசு வெளியிட்ட அறிவிக்கைப்படி ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் தூரம் வரை எல்லாமே சரணாலயம்தான். எங்கள் வயல் அதற்குள் வருகிறது. நீங்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சாலையும், டீ குடித்துவிட்டுக் கப்பை வீசிப்போகும் வாய்க்காலும் அதற்குள்தான்.

ஐந்து கிலோமீட்டர் எதற்கு என்று கேட்டால், கணக்கைப் பாருங்கள். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், எழுபது ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. நல்ல மழை பெய்த வருஷத்தில் அங்கே ஆயிரக்கணக்கில் பறவைகள் கூடு கட்டுகின்றன. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா எல்லாம் நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் கிளைக்குக் கிளை நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் தண்ணீர் நிற்பதால் நரியும் காட்டுப்பூனையும் மரத்தை நெருங்க முடியாது. கூடு கட்ட அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் இத்தனை பறவைக்கும் அதன் குஞ்சுகளுக்கும் அந்தச் சின்ன ஏரி மீன் போடுமா? போடாது. தங்குவது வேடந்தாங்கல், சாப்பாடு எங்கள் ஊர்களில். சுற்றியுள்ள ஏரி, குட்டை, வாய்க்கால், சேற்று வயல், இவைதான் அவற்றின் இரைக்காடு. செங்கல்பட்டு வட்டாரத்தை ஏரி மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை. ஒரு ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி வேடந்தாங்கல். பக்கத்தில் கரிக்கிலி இன்னொன்று. அதுவும் பறவைகள் சரணாலயம்தான், ஆனால் உங்களில் பத்தில் ஒருவர்கூட அங்கே போவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

போன தையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நவரைப் பட்டத்து நெல்லுக்கு நாற்று நட்டிருந்தோம். ஒரு கார் எங்கள் மடையை அடைத்தாற்போல ஓரங்கட்டி நின்றது. கணவன், மனைவி, ஆறேழு வயசுப் பெண் குழந்தை. பெரியப்பா போய், "தம்பி, வண்டிய கொஞ்சம் முன்னால எடுங்க, தண்ணி திறக்கணும்" என்றார். அவர் உடனே, "மன்னிச்சிடுங்க ஐயா, கவனிக்கல" என்று எடுத்துவிட்டார். அதற்குள் குழந்தை இறங்கி வயலைப் பார்த்து நின்றுவிட்டாள். "தாத்தா, அந்தப் பறவை என்ன பண்ணுது?"

வயலில் ஒரு நத்தைகுத்தி. எங்களிடமிருந்து முப்பது அடிகூட இருக்காது. அசையாமல் நின்று பார்த்தோம். சேற்றுக்குள் அலகைவிட்டுத் துழாவிக்கொண்டே வந்தது. அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும், பாக்குவெட்டி சரியாக மூடாதது மாதிரி. குஞ்சாக இருக்கும்போது அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் விழும். ஒரு நத்தை அகப்பட்டது. பெயர்தான் நத்தைகுத்தி, அது ஓட்டைக் குத்தி உடைப்பது கிடையாது. நத்தையைச் சேற்றோடு அழுத்திப் பிடித்து, கீழலகின் கூர்முனையை நத்தையின் மூடிக்கு அடியில் செருகி, தலையை லேசாக ஆட்டி ஆட்டி, உள்ளே சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் இடத்தை அறுக்கிறது. அப்புறம் ஒரே இழுப்பு. சதை முழுசாக வந்தது, விழுங்கிவிட்டது. அது நகர்ந்த பிறகு பெரியப்பா இறங்கி அந்த ஓட்டை எடுத்துக் குழந்தை கையில் கொடுத்தார். ஒரு கீறல்கூட இல்லை. அந்த அப்பா கேமராவை எடுக்கவே மறந்துபோய் நின்றார். அரை மணி நேரம் இருந்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். ஏரியில் காட்சிக்கோபுரத்தில் ஏறி நின்றாலும் இதை இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடியாது.

சரி, இந்தப் பறவைகளுக்கு நாங்கள் மட்டும் சோறு போடுவதாக நினைத்துவிடாதீர்கள், அவையும் எங்களுக்கு உதவுகின்றன. நாற்றைக் கடிக்கிற நத்தையையும், வரப்பில் வளை தோண்டித் தண்ணீரை ஒழுகவிடுகிற நண்டையும் அவை தின்கின்றன. டிராக்டர் உழும்போது பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் நடந்து பூச்சியைப் பொறுக்குகின்றன. ஏரிக்குள் விழும் எச்சம் தண்ணீரோடு கலந்து மதகு வழியாக ஆயக்கட்டு வயல்களுக்கு வருகிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலத்தின் பச்சையே தனி. இது படித்துத் தெரிந்ததல்ல, வேடந்தாங்கல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் கண்டது. அதனால்தான் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு நடப்பில் இருக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். அதற்கு நூற்றெழுபது வருஷத்துக்கு முந்தியே இங்கே ஒரு கிராமம் கேட்டு வாங்கிவிட்டது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலிலும் இந்த ஏரி சேர்ந்தது. இடையில் 2020-ல் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்கும் யோசனை ஒன்று எழுந்தபோது, இங்கே ஒருமுறை வந்துபோனவர்கள்கூட எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம். அதற்கு என் நன்றி. அன்று எந்த ஐந்து கிலோமீட்டருக்காகப் பேசினீர்களோ, அதன் வழியாகத்தான் வண்டி ஓட்டி வருகிறீர்கள் என்பதை நினைவுபடுத்துகிறேன், அவ்வளவுதான்.

இப்போது மனசில் உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். கரையில் நின்று பறவைகளைக் கிளப்புவதற்காகக் கை தட்டுகிறவர்களை, விசில் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒருவர் கல்லெடுத்து வீசினார். கூட்டமாக எழும்பினால் படம் நன்றாக வருமாம். அந்த நேரத்தில் கூட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? மஞ்சள்மூக்கு நாரை உச்சிவெயிலில் இறக்கையை விரித்து, குடை பிடித்தாற்போலக் குஞ்சுகளுக்கு மேலே நிற்கும். தன் முதுகு காயும், குஞ்சு நிழலில் இருக்கும். அது பயந்து எழும்பினால் இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் கிடக்கும். காக்கை அதற்காகவே பக்கத்துக் கிளையில் காத்திருக்கும். முட்டையைத் தூக்க அதற்கு நொடிப்பொழுது போதும். ஒரு மாதம் மாறி மாறி அடைகாத்தது உங்கள் ஒரு படத்துக்காகப் போய்விடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பக்கத்தில் யாராவது செய்தால் தடுங்கள். செல்போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம்.

குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். நீங்கள் போன பிறகு அவை பழக்கதோஷத்தில் எங்கள் வீடுகளுக்கு வருகின்றன. அறுவடை சமயத்தில் சாலையோரம் நெல் காய்ந்துகொண்டிருக்கும், ஓர் ஓரமாக ஒதுங்கிப் போங்கள். வேறு களம் இருந்தால் நாங்கள் ஏன் ரோட்டில் கொட்டப்போகிறோம். வரப்பில் இறங்கிப் படமெடுக்க ஆசைப்பட்டால் வயலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார்கள், எந்த வரப்பு ஈரத்தில் இளகிக் கிடக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்வார்கள். நடவு நடும் பெண்களைப் படமெடுப்பதற்கும் அதே மாதிரிக் கேளுங்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் குனிந்து நிற்கிறவர்களைத் திடீரென்று கேமரா பார்த்தால் கூச்சமாக இருக்காதா?

மழை பொய்த்த வருஷம் வந்து, ஏரியில் தண்ணீரும் இல்லை பறவையும் இல்லை என்று கோபித்துக்கொண்டு திரும்புகிறவர்களும் உண்டு. அந்த வருஷம் எங்கள் வயலும் அப்படித்தான் கிடக்கும். வருவதற்கு முன் வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெய்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், காலையில் வந்து மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். மத்தியானத்துக்கு மேல் வாருங்கள். வழியில் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் சும்மா நில்லுங்கள். நாலரை, ஐந்து மணிக்கு எங்கள் தலைக்கு மேல் முதல் வரிசை போகும். நாரைகள் கழுத்தை நீட்டிக்கொண்டு, கொக்குகள் கழுத்தை மடக்கிக்கொண்டு, விழுங்கிய மீனைக் குஞ்சுகளுக்காகச் சுமந்துகொண்டு எல்லாம் ஒரே திசையில். அவற்றின் பின்னாலேயே நீங்களும் போய் வேடந்தாங்கல் கரையில் ஏறுங்கள். மரங்களில் இடம் பிடிக்கும் சண்டையும் குஞ்சுகளின் கூச்சலும் அடங்குகிற நேரத்தில், அதுவரை இலைமறைவில் தூங்கிக்கொண்டிருந்த வக்காக்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். மற்றவை வீடு திரும்பும்போது அவற்றுக்குப் பொழுது விடிகிறது. ஒரு கத்தல் கத்திவிட்டு எங்கள் வயல் பக்கமாகத்தான் பறந்து போகும்.

திரும்பிப் போகும்போது ஹெட்லைட்டைத் தாழ்த்தி, மெதுவாகப் போங்கள். வாய்க்கால் ஓரத்தில் அவை மீன் பிடித்துக்கொண்டிருக்கும்.

அன்புடன்,
வழியில் இருக்கும் ஊர்க்காரன்