மாடில செடி வெக்கிற தம்பிக்கு

தம்பி,

நீ அனுப்புன போட்டோ பாத்தேன். 6 பை, செம்மண்ணு, பக்கத்துல டீ கப்பு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், கீழ்வீடு வரைக்கும் கொண்டுபோய் காட்டிட்டா. நான் மணியத்தான் பாத்தேன். செவ்வாக்கிழமை காலைல 11:20. சரி, லீவா இருக்கும்.

வெறும் செம்மண்ண நம்பாத, நாலு வாட்டி தண்ணி ஊத்துனா செங்கல்லு மாதிரி இறுகிடும். மண்ணு 2 பங்கு, கோகோபீட், அதான் தேங்கா நார்த்தூளு, 1, மண்புழு உரம் 1, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட்ட ஊறவெச்சு ரெண்டு வாட்டி அலசிப் பிழி, உப்பு இருக்கும். கலந்து லேசா தண்ணி தெளிச்சு ஒரு வாரம் சும்மா விடு, உனக்கு எல்லாமே உடனே ஆகணும். பச்ச சாணி போடாத, சூட்டுல வேர் கருகிடும். ஆர்ஓ மெஷின்ல கழியிற தண்ணிய மட்டும் ஊத்தாத, போர் தண்ணிய விட மோசம், நம்ம தொட்டியில மண்ணு மேல வெள்ளையா பூத்துச்சே அது உப்புதான்.

முதல்ல கீரை போடு, 25 நாள்ல பறிச்சிடலாம், கையில ஏதாவது வந்தாதான் மனசு தெம்பா இருக்கும். தண்ணி அதிகமா ஊத்தாத. விரல உள்ள விட்டுப் பாரு, ஈரம் ஒட்டுனா விட்டுடு. ஆபீஸ் போறவன் காலைல ஒரு வாட்டி ஊத்துனா போதும், வெயில் காலத்துல சாயங்காலமும். போறதானே? இஎம்ஐ எல்லாம் சரியா போகுதில்ல. உங்க சித்தப்பா கதை உனக்கே தெரியும், நான் ஒண்ணும் சொல்லல.

காய்கறித் தோலு ஒரு பங்குன்னா காஞ்ச எலை ரெண்டு பங்கு போட்டு மக்க வை. நாத்தம் வந்தா ஈரம் ஜாஸ்தி. தண்ணி அதிகமா ஊத்தாத, சொல்லிட்டேன்.

நீ எட்டாவது படிக்கும்போது பின்னாடி வெண்டை போட்டிருந்த. மஞ்சப்பூ விட்டிருந்துச்சு. பைக் நிறுத்த எடம் வேணும்னு நான்தான் சிமெண்ட் போட்டேன். வேணும்னேதான் நீ ஸ்கூலுக்குப் போனப்போ ஆள வரச்சொன்னேன், நீ இருந்தா அழுவ, எனக்கு சமாதானம் சொல்ல வராது. வந்து பாத்துட்டு நீ ஒரு வார்த்தை கேக்கல, சோறு போடச் சொன்ன. அதுக்கப்புறம் நீ எதையும் என்கிட்ட கேக்குறதும் இல்ல சொல்றதும் இல்ல. அந்த வண்டியையும் ரெண்டே வருஷத்துல வித்தாச்சு.

மக்குன உரம் ஒரு மூட்டை சலிச்சுக் கட்டி வெச்சிருக்கேன். அம்பத்தூர்லேர்ந்து மேடவாக்கம் வரைக்கும் பஸ்ல ஏத்துனா கண்டக்டர் முனகுவாரு, முனகட்டும். ஞாயித்துக்கிழமைதான் வரணும்னு இல்ல. காலைல 11 மணிக்குக் கூட வரேன்.

அப்பா