பறவையைக் கலைக்காத படமே பெயர் சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் பிறந்தால் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரையுள்ள பினாங்குப் பெருநிலச் சேற்றுக்கரைக்கு வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். ஏப்ரல் வரை இருக்கும். அவற்றைப் படமெடுக்கும் தமிழர்களும் இப்போது கூடியிருக்கிறார்கள். நாளிதழ்களின் வாசகர் பக்கங்களில் அந்தப் படங்களைப் பார்க்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. வருத்தம் ஒன்றுதான். நூற்றுக்கணக்கில் ஒன்றாக எழும்பி வானத்தை நிறைக்கும் கூட்டம்தான் அடிக்கடி அச்சாகிறது. கீழே ‘கடற்பறவைகள்’ என்று ஒரு வரி. கழுகு வந்தாலும் கூட்டம் எழும்பும், உண்மை. ஆனால் பல நேரங்களில் யாரோ ஒருவர் சேற்றில் இறங்கி நடந்ததாலோ, டிரோன் விட்டதாலோ எழும்பிய கூட்டம் அது.

இந்தப் பறவைகள் கடல் வற்றும்போது சேற்றில் இரை தேடும்; கடல் ஏறியதும் கரையோரம் ஒதுங்கி ஓய்வெடுக்கும். திரும்பிப் போகும் வழியில் மஞ்சள் கடல் கரையில் இறங்கி, பிறகு சைபீரியா வரை பறக்க வேண்டியவை பல. அந்தப் பயணத்துக்குச் சேர்த்து வைத்த கொழுப்புதான், நாம் கலைக்கும் ஒவ்வொரு முறையும் கரைகிறது. தூரகிழக்குக் கர்லூ, நோர்ட்மன் பச்சைக்காலி என்ற இரு கரைப்பறவைகளும் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ளவை. இரண்டும் இந்தக் கரையில் பதிவாகியிருக்கின்றன.

சேற்றில் இறங்கத் தேவையே இல்லை. பாசாங் சுருட், அதாவது கடல் ஏறி வற்றும் நேர அட்டவணையைப் பாருங்கள். வற்றிய நேரத்தில் பறவைகள் வெகுதூரத்தில் சிதறிக் கிடக்கும், 600 மி.மீ. லென்ஸிலும் புள்ளிதான். ஏற்றம் உச்சம் தொடுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னதாகவே போய் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால், நீர் ஏற ஏறப் பறவைகள் தாமாகவே நம்மை நோக்கி நகர்ந்து வரும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் குறைவு. சேறு முழுக்க மூழ்காது, பறவைகளும் கிட்டே வராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சேறு முழுவதும் மூழ்கி, பறவைகள் வேறிடம் பறந்துவிடும். ஆகவே அந்த நாள்களில் இன்னும் முன்கூட்டியே போக வேண்டும். கரை மேற்கு நோக்கியது என்பதால் காலை வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கும். மாலையில் கிடைப்பது கருநிழல் உருவம் மட்டுமே. காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் உச்சம் வரும் நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

காரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஜன்னலில் அரிசிப் பையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் போதும். நிற்கும் காரைப் பறவைகள் பொருட்படுத்தாது. கதவைத் திறந்து இறங்கும் மனிதனைக் கண்டால்தான் மிரளும். கரையை அடைவதற்கு இருபது நிமிடம் முன்பே ஏர்கோனை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த கண்ணாடியில் நீராவி படிந்து, துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். பத்து மணிக்கு மேல் படம் மங்கலாக வந்தால் லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். சூடேறிய சேற்றின் மேல் காற்று அலைவதே காரணம். எந்த லென்ஸும் அதைத் திருத்தாது. தூரம் குறையக் காத்திருப்பதுதான் வழி.

நிற்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 வினாடி போதும், இறங்கும் பறவைக்கு 1/2000 வேண்டும். வெள்ளைக் கொக்குக்குக் கேமராவின் ஒளி அளவை முக்கால் ஸ்டாப் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அளவு) குறையுங்கள், இல்லையேல் இறகின் விவரம் வெளுத்துப் போகும். வானப் பின்னணியில் கரும் பறவையென்றால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்.

பெயர் கண்டுபிடிக்க உதவுவது எந்தப் படம்? யூரேசியக் கர்லூ, தூரகிழக்குக் கர்லூ இரண்டையும் எடுத்துக்கொள்வோம். கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு இரண்டுக்கும் உண்டு. சேற்றில் நிற்கும்போது குழப்பும். சிறகு விரிந்தால் குழப்பமில்லை. யூரேசியக் கர்லூவுக்கு வாலுக்கு மேலே முதுகின் அடிப்பகுதி வெள்ளை, சிறகின் அடிப்புறமும் வெள்ளை. தூரகிழக்குக் கர்லூவுக்கு இரண்டிடத்திலும் பழுப்பு, அதில் நெருக்கமான வரிகள். இதைப் பார்க்கப் பறவையை விரட்ட வேண்டியதில்லை. ஏற்றத்தில் சிறு சிறு குழுவாக வந்து இறங்கும்போது சிறகை உயர்த்தும். ஓய்ந்து நிற்கும் பறவையும் இடையிடையே இரு சிறகையும் தலைக்குமேல் தூக்கிச் சோம்பல் முறிக்கும். குவியத்தைப் பறவைமேல் ஒற்றைப் புள்ளியில் வைத்துக் காத்திருந்தால் அந்த ஒரு கணம் நிச்சயம் வாய்க்கும். கலைந்து பறக்கும் கூட்டத்திலோ பறவைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும்.

சாதாரணப் பச்சைக்காலியையும் நோர்ட்மன் பச்சைக்காலியையும் பிரித்தறிவது இன்னும் சிரமம். குளிர்காலத்தில் இரண்டும் மேலே சாம்பல், கீழே வெள்ளை. கால் நிறத்தை நம்பி முடிவு கட்டுபவர்கள் ஏமாறுவார்கள். சேறு அப்பியிருந்தால் எந்தக் காலும் கருப்புதான். மாலை வெயிலில் எல்லாம் மஞ்சள்தான். காலின் நீளத்தைப் பாருங்கள். நோர்ட்மனுக்கு மூட்டுக்கு மேலே தெரியும் பகுதி குட்டை. அலகு தடித்து, அடிப்பாதி மஞ்சளாகவும் நுனிப்பாதி கருப்பாகவும் இருக்கும். சிறகின் அடிப்புறம் தூய வெள்ளை. பக்கவாட்டில் முழுக் காலும் தெரியும்படி ஒரு படம், அலகு தெளிவாக ஒரு படம், சிறகு விரிந்து ஒரு படம், மூன்றும் இருந்தால் வாதத்துக்கு இடமில்லை. கணினியில் நறுக்காத மூலப் படத்தை வைத்திருங்கள். பக்கத்தில் நிற்கும் வேறு பறவையோடு உயரத்தை ஒப்பிட அதுதான் உதவும். படத்தைப் பார்த்துப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி தரும் பெயரை முதல் யோசனையாக மட்டும் கொள்ளுங்கள். தொலைவிலிருந்து எடுத்த உள்ளான் (சேற்றுக்கரைப் பறவை) படங்களில் அது தவறுவதுண்டு.

எப்போது நிறுத்துவது என்பதைப் பறவையே சொல்லிவிடும். இரை கொத்துவதை விட்டுத் தலையை நிமிர்த்தினால் அதற்கு மேல் ஓரடியும் வைக்கக் கூடாது. நடக்கத் தொடங்கினால் நாம் பின்வாங்க வேண்டும்.

பெனாகா பக்கம் கூடு வைக்கும் பஞ்சுருட்டான்கள் என்ற பூச்சி தின்னும் பறவைகள் பற்றியும் ஒரு சொல். அவை வெறும் மணல் தரையில் சாய்வாக வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். மேலே நடந்தால் வளை இடிந்து, உள்ளிருக்கும் குஞ்சு மூச்சு முட்டிச் சாகும். வளை வாசலைக் குறிவைத்துக் கூட்டமாக நிற்பதும் கெடுதல். அலகில் பூச்சியோடு வந்த தாய் இறங்க அஞ்சி, கம்பியிலேயே உட்கார்ந்திருக்கும். அந்தக் கம்பியில் உட்கார்ந்த பறவையைத் தூரத்திலிருந்து எடுத்தாலே இனம் தெரிந்துவிடும்: தொண்டை நீலமென்றால் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான், செம்பழுப்பென்றால் நீலவால் பஞ்சுருட்டான். நீலத்தொண்டைப் பஞ்சுருட்டானின் இளம் பறவைக்கு மட்டும் தலை பச்சையாக இருக்கும், அதனால் உச்சி நிறத்தை நம்ப வேண்டாம்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். கலைந்து பறக்கும் கூட்டத்தையும் கூட்டு வாசலின் நெருக்கப் படத்தையும் வாசகர் பக்கத்தில் வெளியிடாதீர்கள். காலும் அலகும் தெரியும் ஒற்றைப் பறவையின் படத்துக்கு இடம் கொடுங்கள். படத்தோடு பெயரும் மாதமும் வட்டாரமும் வரட்டும். கூடு இருக்கும் துல்லியமான இடம் வேண்டாம். இனம் உறுதியாகாத படத்துக்கு ‘உள்ளான் வகை’ என்றே அச்சிடுங்கள், திருத்தம் எழுத வாசகர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பறவை ஆர்வலர்கள் சிலர்,
பட்டர்வொர்த், பினாங்கு