மூன்றாவது ஆட்டத்துக்கும் அவளையே இறக்கினேன்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பேஸ்பால் அணிகளை அழைத்து வருகிற உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சார்களுக்கும் டீச்சர்களுக்கும்,

வணக்கம். தருமபுரியில் சனி, ஞாயிறு இரண்டு நாள் நடந்த பேஸ்பால் பயிற்றுநர் முகாமுக்கு உங்களில் பாதிப் பேர் வந்திருந்தீர்கள். மீதிப் பேர் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் வராமல் இருக்கத்தான் வழி பார்த்தேன். வாரம் முழுக்க வெயிலில் விசில் ஊதிவிட்டு, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் மைதானத்திலேயே கழிக்க யாருக்கு மனசு வரும்? அரூரில் காலை முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, சான்றிதழ் ஒன்று கிடைக்கும், ஃபைலில் கிடக்கட்டும் என்பதற்கு மேல் எனக்கு எந்த நோக்கமும் இல்லை.

நான் கல்லூரியில் ஹேண்ட்பால் ஆடியவள். பேஸ்பால் எனக்குக் கிட் வடிவத்தில்தான் அறிமுகம். ஒரு மூட்டையில் நான்கு பேட், ஒன்பது கிளவுஸ், பிட்சர் எறிகிற பந்தை பேட் பிடிப்பவருக்குப் பின்னால் குந்திப் பிடிக்கிற கேட்சருக்கு ஒரு முகக்கவசம் என்று பள்ளிக்கு வந்து இறங்கியது. அணி அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். ரூல் புத்தகத்தை ராத்திரி படித்து மறுநாள் காலையில் சொல்லிக்கொடுத்த கதை உங்களிலும் பலருக்கு இருக்கும். வலது கைக்காரப் பிள்ளை ஒருத்தி கிளவுஸையும் வலது கையிலேயே மாட்டிக்கொண்டு ஆடியதை ஒரு வாரம் கழித்துத்தான் நான் கவனித்தேன். பந்தைப் பிடித்ததும் கிளவுஸைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எறிவாள், பாவம். முகாமில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், இரண்டு பேரைத் தவிர. அந்த இரண்டு பேர் யார் என்று இங்கே எழுத மாட்டேன்.

சனிக்கிழமை முழுக்கக் கைவேலை. பந்தின் தையல் குதிரை லாடம் மாதிரி வளைகிற இடத்தைத் தேடி, அதற்குக் குறுக்கே இரண்டு விரலை வைத்து, உள்ளங்கையில் படாமல் பிடிப்பது. தரையோடு உருண்டு வரும் பந்துக்குக் கிளவுஸ் கீழே, வெறுங்கை மேலே என்று முதலை வாயைப் பிளக்கிற மாதிரி நிற்பது. ஒகேனக்கல் முதலைப் பண்ணையைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை ஒரே நிமிஷத்தில் புரியவைத்துவிடலாம். அடித்துவிட்டு முதல் பேஸுக்கு, அதாவது ஓடிப்போய் மிதிக்க வேண்டிய முதல் இடத்துக்கு, ஓடும்போது பேஸில் வந்து நிற்காமல் அதை மிதித்துத் தாண்டி ஓடுவது. இதெல்லாம் வராதவர்களுக்கு நான் ஒரு மத்தியானத்தில் காட்டிவிடுவேன். இந்த மடல் அதற்காக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, எலுமிச்சை சாதம் கண்ணைச் சொருகிக்கொண்டிருந்த நேரத்தில், பயிற்சி தந்தவர் கரும்பலகையில் ஒரு முழங்கையை வரைந்தார். வரைந்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "போன போட்டியில உங்க பிட்சர் மொத்தம் எத்தனை பால் போட்டாங்க?" என்று கேட்டார். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். எத்தனை ரன், எத்தனை அவுட், எந்தப் பள்ளியிடம் எந்த இன்னிங்ஸில் தோற்றோம், நடுவர் எங்கே ஏமாற்றினார் எல்லாம் நமக்கு மனப்பாடம். எத்தனை எறி என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் எனக்கு ஒருத்தி ஞாபகம் வந்தாள்.

ஒன்பதாம் வகுப்பு, பதினான்கு வயசு. அவளை நான் கண்டுபிடித்ததே புளியமரத்தடியில்தான். மற்ற பிள்ளைகள் பத்துக் கல் விட்டு ஒரு பழம் எடுத்தால் இவள் இரண்டு கல்லில் கொத்தோடு இறக்குவாள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எறிகிறது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய், இந்தப் பக்கம் புளி, தினைக்கொல்லையில் கிளி விரட்டின தாத்தாக்களின் கவண். அந்தக் கையைத்தான் நாம் கூப்பிட்டு வந்து பிட்சராக்குகிறோம்.

போட்டி ஒரே நாளில். காலை ஆட்டத்தில் ஐந்து இன்னிங்ஸும் அவளே போட்டாள், ஜெயித்தோம். பதினோரு மணி ஆட்டத்திலும் அவள்தான் ஆரம்பித்தாள். நான்கு இன்னிங்ஸ் முடிந்ததும், பாவம், கொஞ்சம் ரெஸ்ட்டாக இருக்கட்டும் என்று அவளைக் கேட்சராக உட்கார வைத்தேன். இதைப் பெரிய அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மணிக்கு இறுதி ஆட்டம். "கை நோவுது டீச்சர்" என்றாள். எங்கே என்று கேட்டேன். முழங்கையின் உள்பக்கம், எலும்பு மேடு தட்டுப்படுகிற இடத்தில் விரலை வைத்தாள். வலி ஸ்பிரே அடித்தேன். "போடறியா?" என்றேன். "போடறேன் டீச்சர்" என்றாள். நாம் கேட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்?

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வழக்கம்போல நான்தான் கட்டளை கொடுத்தேன். "கொடிக்கு வணக்கம் செய்!" நானூறு கை நெற்றிக்குப் போயின. ஒரு கை மட்டும் காதுக்குக் கீழேயே நின்றது. அவள் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி மேலே தூக்கப் பார்த்தாள். முடியவில்லை, இறக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஆறு வாரம் பந்தைத் தொடக் கூடாது என்றார். "அவ கையாலதானே டீச்சர் தண்ணி எடுக்கணும், புல்லு அறுக்கணும்" என்று அவள் அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது கை சரியாகிவிட்டது. ஆனால் அது அவள் அதிர்ஷ்டமே தவிர என் சாமர்த்தியம் இல்லை.

அன்றைக்கு அவள் போட்டது எத்தனை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு பந்து தப்பாகப் போய் பேட் பிடித்தவர் சும்மா முதல் பேஸுக்கு நடக்கிற வாக் நம் ஆட்டங்களில் எவ்வளவு வரும் என்று உங்களுக்கே தெரியும். இன்னிங்ஸுக்கு 20 எறி என்று குறைத்து வைத்தாலும் இரண்டாவது ஆட்டம் முடியும்போதே 180. இறுதி ஆட்டத்தில் போட்டதும், வார்ம்-அப்பும், கேட்சராக உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிந்ததும் தனி.

கரும்பலகையில் அவர் எழுதிய கணக்கைக் கேளுங்கள். அமெரிக்காவில் சிறுவர் ஆட்டங்களை நடத்துகிற லிட்டில் லீக் அமைப்பு 2007 முதல் இன்னிங்ஸை விட்டுவிட்டு எறியை எண்ண ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு 9, 10 வயசுக்கு 75, 11, 12 வயசுக்கு 85, 13 முதல் 16 வரை 95. இது உச்ச வரம்பு, எட்ட வேண்டிய இலக்கு இல்லை. 14 வயசு வரைக்கும் 20 எறிக்குள் நிறுத்திவிட்டால் மறுநாளே போடலாம். 21 முதல் 35 என்றால் ஒரு நாள் ஓய்வு, 50 வரை இரண்டு நாள், 65 வரை மூன்று நாள், 66 ஆகிவிட்டால் நான்கு நாள். இன்னொன்றும் சொன்னார், எனக்குச் சுருக்கென்று தைத்தது: ஓர் ஆட்டத்தில் 41 எறியோ அதற்கு மேலோ போட்ட பிள்ளை அன்றைக்குக் கேட்சராக உட்காரவே கூடாது. பிட்சருக்கு அடுத்து அதிகம் எறிகிறது கேட்சர்தானே. நான் ரெஸ்ட் என்று நினைத்துக் கொடுத்தது அதே வேலையைக் குந்தவைத்துச் செய்யச் சொன்னது.

காரணமும் சொன்னார். வளர்கிற பிள்ளையின் எலும்பு முனைகளில் இன்னும் குருத்தெலும்பு இருக்கும். ஒவ்வோர் எறியிலும் முழங்கையின் உள்பக்கத்துத் தசைநாரும் தசையும் அந்த முனையைப் பிடித்து இழுக்கின்றன. பெரியவர்களுக்கு நார் கிழியும். பிள்ளைகளுக்கு அந்த வளரும் முனையே வீங்கும், சில சமயம் பிய்ந்துகொள்ளும். அதற்கு லிட்டில் லீக் எல்போ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பந்து 142 முதல் 149 கிராம்தான், கிரிக்கெட் பந்தைவிட லேசு, எவ்வளவு போட்டால் என்ன என்று நினைத்திருந்தவள் நான். எடை மட்டும் கணக்கில்லை, கை சுழல்கிற வேகமும் சேர்ந்து இழுக்கிறது.

அலபாமாவில் உள்ள அமெரிக்கன் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இன்ஸ்டிடியூட் 481 இளம் பிட்சர்களைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்து 2011இல் முடிவை வெளியிட்டது. வருஷத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் போட்டவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. ஜப்பானில் 2018 கோடைகால உயர்நிலைப் பள்ளிப் போட்டியில் ஒரு பையன் அணியை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனான்; அந்த ஆட்டத்தையும் சேர்த்து மொத்தம் 881 எறி போட்டான். நாடே கொண்டாடியது, கூடவே இது தகுமா என்று கேட்கவும் செய்தது. 2020 முதல் அங்கே பள்ளிப் பிட்சருக்கு வாரத்துக்கு 500 எறிதான். பேஸ்பாலைக் கோவில் மாதிரி கும்பிடுகிற ஊரே வளைந்து கொடுத்திருக்கிறது.

முகாமில் டீக்கடைப் பக்கம் நின்று பேசியபோது ஒரு சார் நியாயமாகத்தான் கேட்டார்: "நம்ம புள்ளைங்க வருஷத்துக்கு ஆறேழு மேட்ச் ஆடறதே பெருசு. நூறு இன்னிங்ஸ் எங்க மேடம் வரப்போகுது?" அப்போது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நமக்கு வருஷக் கணக்கு வராது சார், நாள் கணக்கில்தான் அடி. பத்து மாசம் பந்தைத் தொடாத கை, மூன்று நாள் பயிற்சி, அப்புறம் ஒரே நாளில் இருநூறு எறி. அதோடு விடுகிறோமா? அடுத்த வாரம் ஈட்டி எறிதலுக்கும் குண்டு எறிதலுக்கும் அதே பெண்தான். நல்ல கை என்று ஒரு தடவை பேர் எடுத்துவிட்டால் எல்லா விளையாட்டுக்கும் அவளையே எழுதுகிறோம். 2008இல் லக்னோ விடுதியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங்கையும் தினேஷ் படேலையும் பந்து எறிகிற ஒரு டி.வி. போட்டியில் கண்டுபிடித்து அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனார்கள், அங்குள்ள பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி ஒப்பந்தம் போட்டது. நாம் இதைப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்கிறோம். ஒப்பந்தத்துக்கு முன்னால் கலிபோர்னியாவில் மாதக்கணக்கில் அவர்களுக்கு எறியும் முறையைக் கற்றுக்கொடுத்ததைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

போட்டியை இரண்டு நாளாக்குங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. வேன் வாடகை, சாப்பாடு, பெண் பிள்ளைகளை ராத்திரி தங்கவைக்கிற பாடு எல்லாம் எனக்கும் உண்டு. நான் கேட்பது, அணிப் பட்டியலில் பிட்சர் என்று குறைந்தது மூன்று பேரை எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டாவது, மூன்றாவது பிட்சர் போட்டால் தோற்போம் என்பது உண்மைதான். நான்கூட அந்த இறுதி ஆட்டத்தில் அவளை வைத்துக்கொண்டே தோற்றேன். மூன்றாவது இன்னிங்ஸில் பந்து எல்லாம் தலைக்கு மேலே போனது. கை களைத்தால் முழங்கை தாழும், பந்து மேலே ஏறும், ஒரு எறிக்கும் அடுத்த எறிக்கும் நடுவில் பிள்ளை நேரம் எடுத்துக்கொள்ளும். இது மூன்றும் கண்ணுக்குத் தெரிந்தன. எனக்குப் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், எண்ணுங்கள். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்தால் போதும்; எதிர் அணியின் நோட்டோடு இன்னிங்ஸுக்கு ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளலாம். பயிற்சி தந்தவர் கையில் கட்டைவிரலால் அழுத்துகிற ஒரு குட்டிக் கருவி வைத்திருந்தார். நான் இப்போது புளியங்கொட்டையில் பார்க்கிறேன். பத்து எறிக்கு ஒரு கொட்டை, கைப்பையின் இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு. ஏழாவது கொட்டை விழுந்ததும் அடுத்த பிட்சரைக் கை சூடேற்றச் சொல்வேன். எட்டோடு நிறுத்தம், அது இறுதி ஆட்டமானாலும் சரி. இரண்டு வாரமாக மாலைப் பயிற்சியில் இப்படித்தான். முதல் நாள் பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போது, "டீச்சர், அஞ்சு கொட்டை ஆயிடுச்சு" என்று அவர்களே கத்துகிறார்கள்.

இதை விதிப் பட்டியலிலோ சுற்றறிக்கையிலோ ஏற்றுவது மேலே இருப்பவர்கள் கையில். அது வரட்டும், வராமல் போகட்டும். அதற்கு முன்னால் நமக்குள் ஒரு வாய்வார்த்தையாக ஒப்புக்கொள்ளலாம் என்பதுதான் இந்த மடல். வரும் குறுவட்டப் போட்டியில் எங்கள் பள்ளியோடு முதலில் மோதப்போவது உங்களில் யார் என்று தெரியாது. யாரானாலும் உங்கள் பிட்சருக்கும் சேர்த்துத்தான் நான் கொட்டை மாற்றிக்கொண்டிருப்பேன். எட்டு ஆனதும் உங்கள் பக்கம் வந்து காதில் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கொட்டை வேண்டுமானால் சொல்லுங்கள். வீட்டில் ஒரு படி இருக்கிறது.

இப்படிக்கு,
அரூர் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் பி.டி. டீச்சர்