பாலைநிலத்துக்கு அரசாணை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மேற்குப் பகுதியின் பாலைநிலங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, ஓர் அதிபர் பாதுகாப்பதாக அறிவித்த நிலத்தை அடுத்தவர் திறந்துவிடுவதே அங்கு வழக்கம் என்று முடிந்திருந்தது. இது பாதி உண்மை. வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கல், அ-பதிவேடு என்ற நிலக் கணக்குகளைப் பார்த்தவன் என்ற முறையில் மறுபாதியைச் சொல்ல விரும்புகிறேன்.

கட்டுரை எடுத்துக்காட்டிய உட்டா மாநிலத்தின் பேர்ஸ் இயர்ஸ் என்ற தேசிய நினைவுச்சின்ன நிலப்பகுதி, 1906-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதிபரின் அறிவிக்கையால் உருவானது. 2016 டிசம்பரில் ஒபாமா சுமார் 13.5 லட்சம் ஏக்கரை அறிவித்தார். மறு ஆண்டே டிரம்ப் அதில் ஏறத்தாழ 85 சதவீதத்தை நீக்கினார். 2021-இல் பைடன் மீட்டார். நீக்கும் அதிகாரம் அதிபருக்கு உண்டா என்பதே சர்ச்சைக்குரியது என்றாலும், காரியம் என்னவோ நம் ஊர் அரசாணையைப் போலத்தான் நடந்தது. 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தின் வழி வேறு. (மரமில்லாத வெட்டவெளிக்கும் பொருந்துவதால், விவிலியத் தமிழின் 'வனாந்தரம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்.) அதன்படி ஒரு நிலத்தை வனாந்தரமாக்க நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டும், அந்தத் தகுதியை நீக்கவும் இன்னொரு சட்டம் வேண்டும். அங்கே நிரந்தரச் சாலை, கட்டடம், மோட்டார் வாகனம், வணிகம் எதற்கும் இடமில்லை. ஏற்கெனவே இருந்த மேய்ச்சல் தொடரலாம்.

1964-இல் இந்தத் தகுதியைப் பெற்ற 91 லட்சம் ஏக்கரும் வனத்துறையின் நிலம், பெரும்பாலும் மலைக்காடுகள். குடியேறிகள் எவரும் வேண்டாமென்று விட்ட பாலைநிலம், நம் கணக்கில் சொன்னால் தீர்வை (நிலவரி) ஏற்படாத தரிசு, நில மேலாண்மைப் பணியகம் என்ற மத்திய அரசுத் துறையின் வசம் கிடந்தது. சாலையில்லாத 5,000 ஏக்கருக்குக் குறையாத பகுதிகளைக் கண்டு பரிந்துரைக்குமாறு 1976-இல் வந்த சட்டம்தான் அந்தப் பணியகத்தைப் பணித்தது. கலிபோர்னியப் பாலைக்கான மசோதாவை செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் 1986-இல் கொண்டுவந்தார். பின்னர் டயான் ஃபைன்ஸ்டைன் அதை எடுத்து நடத்த, 1994 அக்டோபர் 31 அன்று கிளின்டன் கையெழுத்திட்டார். டெத் வேலியும் ஜோஷுவா ட்ரீயும் தேசியப் பூங்காக்களாயின. அங்குள்ள மொஹாவிப் பாலையில் மொஹாவி தேசியக் காப்பகம் பிறந்தது. பணியகத்தின் நிலத்தில் மட்டும் 69 இடங்கள், சுமார் 35 லட்சம் ஏக்கர், வனாந்தரமாயின. அதன்பின் அதிபர்கள் பலர் மாறிவிட்டார்கள். அந்த வனாந்தரங்கள் அப்படியே இருக்கின்றன.

மகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது மொஹாவியில் அப்படியொரு எல்லையைப் பார்த்தேன். வேலியில்லை, இடுப்பளவு உயரத்தில் பழுப்பு நிறத்தில் மெல்லிய கம்பம் ஒன்று, அதில் மோட்டார் வாகனம் கூடாது என்ற ஒட்டுவில்லை. அந்தக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டு சக்கரத் தடங்கள் உள்ளே போயிருந்தன. எங்கள் கரிசலில் ஓர் உழவுக்கு மறைந்துவிடும் தடம் அங்கே மறைவதில்லை. 1942-இல் தளபதி பேட்டன் அந்தப் பாலையில் படைக்குப் பயிற்சி கொடுத்தபோது பதிந்த டாங்கித் தடங்களை இன்றும் காணலாம். மண்ணின் மேல் நுண்ணுயிர்கள் பின்னிய பொருக்கு உடைந்தால் மறுபடி கூடப் பல பத்தாண்டுகள் ஆகும். பாலை ஆமை தன் சிறுநீர்ப்பையில்தான் கோடைக்கான நீரைச் சேமிக்கிறது. மிரண்டு அதை வெளியேற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சட்டப்போரும் இந்தத் தடத்தைச் சுற்றியே நடக்கிறது. பொதுநிலத்தில் சாலை அமைக்க 1866-இல் தரப்பட்ட உரிமை 1976-இல் நீக்கப்பட்டாலும், அதற்கு முன்பே ஏற்பட்ட உரிமைகள் செல்லும். அதைப் பிடித்துக்கொண்டு உட்டா மாநிலம் 12,000-க்கும் மேற்பட்ட பாதைகளுக்கு உரிமை கோரி வழக்காடுகிறது. அவற்றில் பல, இரண்டு சக்கரக் கோடுகளுக்கு மேல் எதுவுமில்லாதவை. புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், ஒரு வண்டிப்பாதையைக் காட்டிவிட்டால் அந்த நிலத்தின் கதையே மாறிவிடும் என்பது என் பணிக்காலத்திலேயே நான் கண்டது.

இந்தச் சட்டத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மனிதன் வந்துபோகும் விருந்தாளி மட்டுமே என்ற அதன் இலக்கணம், டெத் வேலியிலேயே வாழ்ந்துவந்த டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு எப்படிப் பொருந்தும்? அவர்களுடைய தாய்நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர 2000-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

உட்டாவின் செம்பாறை நிலத்துக்கான மசோதாவை 1989-இல் முதலில் கொண்டுவந்தவர் அம்மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினரான வெய்ன் ஓவன்ஸ். இன்று அது கேட்பது 80 லட்சம் ஏக்கருக்கும் மேல். ஆனால் அதை முன்மொழிபவர்கள் வெளிமாநிலத்தவர், எதிர்ப்பவர்கள் உட்டாவின் பிரதிநிதிகள். உள்ளூரைக் கேட்காமல் முடிவெடுப்பதா என்ற அவர்கள் கேள்வியைத் தள்ளிவிட முடியாதுதான். ஆயினும் உட்டாவின் பிரதிநிதிகளே முன்மொழிந்து, எமரி வட்டாரத்தில் ஆறரை லட்சம் ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான நிலம் 2019-இல் வனாந்தரமானதையும் பார்க்க வேண்டும். ஆகவே, அதிபர் மாளிகையில் இருப்பவர் யார் என்பதோடு நிறுத்தாமல், செம்பாறை மசோதா நாடாளுமன்றத்தின் எந்தக் குழுவில், எதனால் நிற்கிறது என்பதையும் தங்கள் செய்தியாளர் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்