அரசுப் பட்டியல் வரும்வரை பொறுங்கள்

தனியார் சட்டக் கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பிரிவினருக்கு,

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர் நான். மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு பக்கமிருந்து பிள்ளைகள் பெற்றோரோடு என்னைத் தேடி வருவார்கள். வக்கீலுக்குப் படிக்க எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்பார்கள். கையில், இடம் தருவதாகச் சொல்லும் உங்கள் கடிதம் இருக்கும். அதில் பணம் கட்டக் கடைசித் தேதி ஒன்று இருக்கும். அந்தத் தேதியைப் பற்றித்தான் இந்த மடல்.

இரண்டு வருடத்துக்கு முன்பு குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள். அம்மா பீடி சுற்றுகிறார். ஒரு தனியார் கல்வி நிறுவனம் அவளுக்கு இடம் கொடுத்து, ஐந்து நாளுக்குள் முன்பணம் கட்டச் சொல்லியிருந்தது. அரசு சட்டக் கல்லூரிகளுக்கான தரவரிசைப் பட்டியல் அப்போது வந்திருக்கவில்லை.

"கட்டிட்டா சீட்டு நிச்சயம்னு போன் மேல போன் பண்றாங்க மேடம். கட்டாம விட்டு, கவர்மென்ட்லயும் கிடைக்கலன்னா எம் பொண்ணு ஒரு வருஷம் வீட்ல உட்காரணுமே" என்றார் அந்த அம்மா.

பொறுத்திருங்கள் என்றேன். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அவள் மதிப்பெண் நன்றாகவே இருந்தது. அதோடு, 2021-ல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதை அவர்களுக்கு அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் இடம் கட்டாயம் கிடைக்கும் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியுமா? மூன்றாம் நாள் மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டிவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பயம் அப்படி.

அப்புறம் காட்பாடி அரசு சட்டக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், தர மாட்டோம் என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டினார்கள். அதைவிடக் கொடுமை, மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் அவர்களிடமே இருந்தன. ஒதுக்கீடு கிடைத்த பிள்ளை குறித்த நாளுக்குள் அசல் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். நாள் கரைந்துகொண்டிருந்தது. அசல் சான்றிதழ்களை நிறுத்திவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலோடு நானே நேரில் போய் நின்ற பிறகுதான் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. கடைசி நாளில் சேர்ந்தாள். பணம் தீபாவளி தாண்டி வந்தது, அதுவும் முழுதாக இல்லை. குழுக் கடனுக்கு வட்டி மட்டும் வாரம் தவறாமல் போனது.

உங்கள் கல்லூரிகள் மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல நூலகம், மாதிரி நீதிமன்றப் போட்டிகள், பெரிய நிறுவனங்களில் பயிற்சி இதெல்லாம் சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தேவை. கார்ப்பரேட் சட்டத்தில் ஆர்வமுள்ள ஒரு பையனை நானே உங்களைப் போன்ற ஓரிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் எங்கே படித்தாலும் முடிவில் பதிவு செய்வது அதே பார் கவுன்சிலில்தான், எழுதுவது அதே அகில இந்திய வழக்கறிஞர் தேர்வுதான். பதிவுக் கட்டணம்கூடப் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2008-ல் காட்பாடிக் கல்லூரி வரும்வரை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்கோ செங்கல்பட்டுக்கோ போனார்கள். இன்று குடியாத்தத்திலிருந்து ரயிலில் வந்து படித்துவிட்டு, சாயங்காலம் ஒரு சீனியர் அலுவலகத்தில் உட்கார்ந்து வழக்குக் கட்டு படிக்கலாம். பாலாற்றில் தோல் பதனிடும் ஆலைக் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தியா முழுக்கப் பாடமாக இருக்கும் அந்தத் தீர்ப்பை, அந்த ஆற்றின் பக்கத்தில் இருந்தே ஒரு பிள்ளை படிப்பதற்கும் மதிப்பு உண்டு.

எது தனக்குச் சரி என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளை யோசிக்க, உங்கள் கடிதம், அரசுக் கல்லூரிக் கடிதம் இரண்டும் ஒரே நேரத்தில் மேசையில் இருக்க வேண்டும். அதனால் அரசு ஒதுக்கீடு முடியும்வரை முன்பணம் வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், எந்தத் தேதிவரை முழுதும் திருப்பித் தருவீர்கள் என்பதை அந்தக் கடிதத்திலேயே அச்சிடுங்கள். விடுதி, தேர்வுக் கட்டணம் சேர்த்து ஐந்தாண்டுக்கும் மொத்தம் எவ்வளவு என்பதையும் போடுங்கள். சான்றிதழ்களைச் சரிபார்த்த அன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பெண்ணின் தம்பி அடுத்த ஆண்டு பிளஸ் டூ எழுதுகிறான். அவனும் சட்டம்தான் படிப்பேன் என்கிறான். உங்களில் யாராவது அவனுக்கு இடம் கொடுத்தால், கடைசித் தேதியை அரசுப் பட்டியலுக்குப் பிறகு வைத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
சத்துவாச்சாரி, வேலூர்