ஏரியை அண்டாவாக்காதீர்கள்: தூர் வாரும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏரி சீரமைப்பில் இறங்கியிருக்கும் இளைஞர் குழுக்களுக்கும், அதற்குப் பணம் தரும் நிறுவனங்களுக்கும், அனுமதிக் கோப்பில் கையெழுத்திடும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

கோடை பிறந்ததும் ஹிட்டாச்சிகள் ஏரிக்குள் இறங்கிவிடும். உங்கள் உழைப்பைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வேலை முடிந்த பல ஏரிகளில் தண்ணீர் நிற்கிறது, பறவை நிற்பதில்லை. மதகைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதுமில்லை. வாரியது போதாமல் அல்ல, வாரிய விதத்தால் வந்த வினை இது.

நம் ஏரி ஒரு தாம்பாளம். கரை ஓரம் கொஞ்சம் ஆழம், நீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் கண்ணுக்கே தெரியாத சரிவு. நீளத்தில் 200 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நாளுக்கு அரை சென்டிமீட்டர் நீர் இறங்கினால், அன்றன்றைக்கு ஒரு மீட்டர் அகலத்துக்குப் புதுச் சேறு வெளியே வரும். புழுவும் பூச்சியும் நத்தையுமாக, தினமும் புதிதாகப் பரிமாறப்படும் பந்தி அது. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுவிட்டு இங்கே பனிக்காலம் கழிக்க வரும் கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். அதன் கால் முழுதும் அளந்தாலும் நான்கைந்து சென்டிமீட்டர் தேறாது. மஞ்சள்மூக்கு நாரை அலகைத் திறந்தபடி தண்ணீருக்குள் துழாவி, மீன் பட்டவுடன் பட்டென்று மூடிப் பிடிக்கும். அதற்கும் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் தோது. நத்தைகுத்தி நாரைக்கும் அப்படியே. இவை எதுவும் நீந்தி இரை தேடுவதில்லை.

நீங்கள் ஓரத்தை 1:1 சரிவில், அதாவது ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டர் அகலம் என்று வெட்டினால், 30 சென்டிமீட்டர் ஆழம்வரை உள்ள நீரின் அகலம் வெறும் 30 சென்டிமீட்டர். அதையே 1:20 சரிவில் விட்டால் ஆறு மீட்டர். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

அப்படியானால் தூரே வாரக் கூடாதா? வார வேண்டும், எங்கே நிறுத்துவது என்று தெரிந்து வார வேண்டும். இயந்திரம் வருவதற்கு முன் கடப்பாரை, மண்வெட்டியோடு ஆங்காங்கே சோதனைக்குழி போடுங்கள். மேலே கருத்த, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் வண்டல். கீழே நிறமும் கடினமும் மாறும் இடம் பழைய ஏரித்தரை. அந்தத் தரையில் ஒரு பிடி மண் எடுத்து நனைத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் தடிமனுக்குத் திரியாக நீண்டால் களி. தண்ணீரைத் தாங்குவது அந்தக் களிதான். அதைக் கிழித்துச் சரளையோ மணலோ தட்டும்வரை தோண்டினால், ஐப்பசியில் நிரம்பிய ஏரி தைக்குள் வற்றிவிடும். கிணறு ஊறுகிறதே என்று கேட்பீர்கள். ஊறும்தான், ஆனால் நெல்லுக்கு வேண்டிய தண்ணீர் மதகு வழியாகப் போகாது.

மதகைப் பற்றி ஒரு வார்த்தை. தாழ்ந்த மதகின் அடிமட்டத்துக்குக் கீழே சேரும் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது. மாட்டுக்கும் விராலுக்கும் கோடையில் ஒதுங்க ஒரு பள்ளம் இருக்கட்டும், நல்லது. ஏரி முழுக்க அந்த மட்டத்துக்குக் கீழே இறக்குவது வெறும் மண் வியாபாரம். லெவல் கருவியால் மதகு மட்டத்தையும், உபரிநீர் வழியும் கலங்கலின் மட்டத்தையும் எடுத்து, திட்டத்தாளின் முதல் வரியாக எழுதுங்கள். கலங்கலை ஒரு சாண்கூட உயர்த்தாதீர்கள். உங்கள் ஏரியில் கூடுகிற நீர் கீழ் ஏரிக்காரருடையது.

கரையடியிலிருந்து உள்பக்கம் குறைந்தது பத்து மீட்டர் தொடாமல் விட வேண்டும். அங்கே பள்ளம் பறித்தால் நீர் கரைக்கு அடியில் வழி தேடும்; முதலில் வெளிப்புறம் ஈரம் பூக்கும், பிறகு ஊற்று, பிறகு உடைப்பு. கரையைப் பலப்படுத்துவதென்றால் பழைய சரிவின் புல்லைச் செதுக்கிப் படிபடியாக வெட்டி, புது மண்ணைச் சாண் உயரத்துக்கு மேல் போகாத அடுக்குகளாகப் பரப்பி, நனைத்து, உருளை ஓட்டுங்கள். டிப்பரிலிருந்து கொட்டிவிட்டுப் போன மண் முதல் பெருமழையில் ஏரிக்கே திரும்பிவிடும்.

எங்களை அதிகம் உறுத்துவது மரம் வெட்டுவது. சீமைக்கருவேலம் என்று சொல்லி நாட்டுக்கருவேலத்தையும் சாய்க்கிறார்கள். பூவைப் பாருங்கள்: நாட்டுக்கருவேலத்துக்கு மஞ்சள் பந்து, சீமைக்கு வெளிறிய நீளக் கதிர். காயைப் பாருங்கள்: நாட்டுக்கு மணி கோத்தது போல விதைக்கு விதை இடுங்கிய சாம்பல் நிறக் காய், சீமைக்கு இடுங்கலில்லாத மஞ்சள் காய். தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக்கருவேலமும் நீர்க்கடம்பும்தான் வேடந்தாங்கலில் கூடு தாங்குகின்றன. சுற்றிலும் நீர் இருப்பதால் நாயும் பூனையும் அண்டாது. அந்த ஊர்க்காரர்கள் 1798இல் கலெக்டர் லயனல் பிளேசிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்த வயலுக்கு உரச் செலவு குறையும் என்பது அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. சீமையை அகற்றும்போது தரைமட்டத்தில் அறுத்தால் துளிர்த்துவிடும். வேர்த்தலையோடு ஓரடி ஆழத்தில் பறித்தெடுக்க வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கைப் பிடுங்கி ஈரத்தில் போட்டால் துண்டு துண்டாக முளைக்கும், கரை மேட்டில் காயப்போடுங்கள்.

நடுவில் தீவு வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள், படம் எடுக்க அழகாக இருக்கும் என்பதற்காகவோ என்னவோ. போடுவதானால் பக்கங்கள் 1:3ஐ விடச் செங்குத்தாகிவிடாத சரிவில், புல் பிடித்ததாக இருக்க வேண்டும். இல்லையேல் அலை அரித்து இரண்டு மழையில் அது தூராகிவிடும். வேம்பு நடாதீர்கள், வேரில் நீர் நின்றால் சாகும்.

வேலைக் காலம் பற்றியும் யோசிக்க வேண்டும். கூந்தன்குளம் போன்ற தென்மாவட்ட ஏரிகளில் வைகாசியிலும் கூட்டில் குஞ்சு இருக்கும். ஆள்காட்டி வெறுந்தரையில்தான் முட்டையிடும். இயந்திரம் இறங்குமுன் காலையில் ஒருமுறை நடந்து பார்த்து, கூடு இருக்கும் இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கினால் போதும்.

கடைசியாக, பணம் தருகிறவர்களுக்கு. இத்தனை கனமீட்டர் மண் எடுத்தோம் என்று அறிக்கை கேட்கிறீர்கள். ஆகவே கனமீட்டர் கிடைக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டு மூன்றைக் கேளுங்கள்: ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எவ்வளவு தூரம் அடைப்பின்றி ஓடுகிறது, கடைமடை வயலுக்கு எந்த மாதம் வரை தண்ணீர் போனது, 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆழம் ஏரிப்பரப்பில் எத்தனை பங்கு. வரத்துக்கால் செலவு முதலில், தோண்டும் செலவு அதற்குப் பிறகு. கரையோரம் கல் பதித்து நடைபாதையும் மின்விளக்கும் போடும் செலவை முழுவதுமாக அடித்துவிடலாம். கல் மூடாத மண்கரையில் பொந்து தோண்டி முட்டையிடும் மீன்கொத்திக்கு அதுவே உபகாரம்.