ரேஸிங் பெடலைத் தூக்கிப் போடுமுன் ஒரு நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்ப்யூட்டரிலும் பிளேஸ்டேஷனிலும் கார் பந்தயம் ஆடுவதற்கான ஸ்டியரிங் செட் பழுதாகி வந்தால், பெரும்பாலும் ஸ்டியரிங் நன்றாகவே இருக்கும். கோளாறு காலடியில் இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி திக்கித் திக்கிப் போகிறது, தொடாமலே பிரேக் பிடிக்கிறது, கிளட்ச் அசைவதே இல்லை என்பார்கள். "போர்டு போயிடுச்சு, புது செட் வாங்கிடுங்க" என்ற பதில்தான் பல இடங்களில் கிடைக்கிறது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியதை, ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கக்கூடிய ஒரு பாகம் தேய்ந்ததற்காகக் கழித்துவிடுகிறார்கள். கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும் உள்ள மாநிலம் இது. நிஜத் தடத்தில் ஓட்ட வசதி இல்லாத பிள்ளைகளுக்கு இந்தப் பெடல்தான் பயிற்சிக் களம். அதை எப்படிப் பரிசோதிப்பது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

பெடலுக்குள் இருப்பதில் மாயம் ஒன்றும் இல்லை. லாஜிடெக் ஜி27, ஜி29 போன்ற செட்டுகளில் ஒவ்வொரு பெடலின் பக்கத்திலும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் 'வால்யூம் கண்ட்ரோல்' இதுதான். அதற்கு மூன்று கால்கள். ஓரத்துக் கால் ஒன்றுக்கு மின்சாரம் வருகிறது, மறு ஓரம் கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. நடுக்கால் உள்ளே கரித்தடத்தின் மேல் ஊரும் மெல்லிய உலோகத் தொடுமுனையோடு இணைந்தது. மிதிக்கும்போது தொடுமுனை நகர்கிறது, நடுக்காலில் வோல்டேஜ் மாறுகிறது, ஸ்டியரிங்கில் உள்ள சிப் அதை எண்ணாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. ஜி27 போன்றவற்றில் பெடலின் முழு அசைவும் 256 படிகள்தான். 5 வோல்ட் கொடுத்தால் ஒரு படிக்குச் சுமார் 0.02 வோல்ட். தடத்தில் ஒரு துகள் தூசி இருந்தாலும் படி தாவும். திரையில் கார் துள்ளும். பழைய ரேடியோவில் குமிழைத் திருகினால் கரகரவென்று கேட்குமே, அதே நோய்தான்.

ஆனால் திருப்புளியை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. வரும் புகார்களில் கணிசமானவை பெட்டியைத் திறக்காமலே தீர்ந்துவிடும்.

முதலில் எல்லா இணைப்புகளையும் கழற்றுங்கள். பெடல் வயரை ஸ்டியரிங்கில் செருகுங்கள், பிறகு மின்சார அடாப்டர், கடைசியாக யுஎஸ்பி. இந்த வரிசை மாறக் கூடாது. யுஎஸ்பியை நீட்டிப்புப் பெட்டியில் செருகாமல் கம்ப்யூட்டரின் பின்புறத் துளையிலேயே நேராகச் செருக வேண்டும். செருகும்போது காலைப் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்டியரிங் தானாக இடமும் வலமும் சுழன்று நிற்கும்வரை பொறுத்திருந்து, பிறகு ஒவ்வொரு பெடலையும் தரைவரை இரண்டு முறை மிதித்து விடுங்கள். பெடலின் தொடக்கத்தையும் முடிவையும் இந்த வகை செட்டுகள் அப்படித்தான் கற்றுக்கொள்கின்றன. கால் பட்டபடியே ஆன் செய்தாலோ முழுதாக மிதிக்காமல் விட்டாலோ, பாதி மிதியையே முழு மிதி என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

அடுத்து விண்டோஸ் கம்ப்யூட்டரில், விண்டோஸ் பொத்தானோடு 'ஆர்' எழுத்தை அழுத்தினால் திறக்கும் சிறு கட்டத்தில் ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என்று இடைவெளி விடாமல் தட்டுங்கள். ஸ்டியரிங்கின் பெயர் வரும். அதன் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் ஒவ்வொரு பெடலுக்கும் ஒரு பட்டை ஏறி இறங்கும். உண்மையைச் சொல்வது இந்தப் பக்கம்தான், விளையாட்டின் திரை அல்ல. யாராவது இங்கே காலிபரேஷனை, அதாவது பெடலின் தொடக்கமும் முடிவும் எது என்று பதிவு செய்வதை, தவறாகச் செய்து சேமித்திருந்தால் நல்ல பெடலும் கோணலாகத் தெரியும். 'செட்டிங்ஸ்' தாவலில் உள்ள 'ரீசெட் டு டிஃபால்ட்' அதை அழித்துவிடும்.

ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒரே பட்டையில் ஓடி, ஒன்று மேலே தள்ள மற்றொன்று கீழே இழுத்தால் அது பழுதே இல்லை. லாஜிடெக் மென்பொருளில் 'கம்பைண்ட் பெடல்ஸ்' என்ற தேர்வு இயக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பெடலைத் தனித்தனியாகப் படிக்கத் தெரியாத பழைய விளையாட்டுகளுக்காக வைத்த வசதி அது. எடுத்துவிட்டால் சரியாகிவிடும். இந்த ஒரு டிக் குறியால் 'கண்டம்' ஆக்கப்படும் செட்டுகளை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

அதற்குப் பிறகும் கோளாறு இருந்தால், அது எப்படி நடந்துகொள்கிறது என்று கவனியுங்கள். பெடலே தன் நோயைச் சொல்லும். மூன்று பெடலும் ஒரே நேரத்தில் செத்தால் மூன்று பொட்டென்ஷியோமீட்டரும் ஒன்றாகக் கெட்டுப்போக வாய்ப்பு மிகக் குறைவு. மூன்றுக்கும் பொதுவான மின்சார வயர், கிரவுண்ட் வயர், ஸ்டியரிங்கில் செருகும் முனை ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஜி27, ஜி29 செட்டுகளில் இது 9 ஊசி கொண்ட முனை. அவசரத்தில் சாய்த்துச் செருகினால் ஒரு ஊசி வளைந்து உள்ளே படுத்துவிடும். மெல்லிய மூக்குக் குறடால் மெதுவாக நிமிர்த்தலாம், ஆனால் இரண்டு மூன்று தடவை நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். தொலைபேசி முனையைப் போல் இருக்கும் 6 ஊசிச் செருகி கொண்ட செட்டுகளில் பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்து, செருகி பாதி வெளியே வந்து நிற்கும். கடலோர ஊர்களில் ஊசிகளில் பச்சை பூத்திருக்கும்.

ஒரு பெடல் மட்டும் தகராறு செய்தால் மூன்று நிலைகள் உண்டு. பட்டை எப்போதும் ஒரே ஓரத்தில் ஒட்டி நின்றால் ஓரத்துக் கால்களில் ஒன்றின் வயர் அறுந்திருக்கும். கிரவுண்ட் போனால் ஒரு பக்கம், மின்சாரம் போனால் மறு பக்கம். பழுதான பெடலைத் தொடாமல் பக்கத்துப் பெடலை மிதித்தாலே இதன் பட்டையும் சேர்ந்து ஆடினால் நடுக்கால் வயர் விட்டுப் போயிருக்கும். தனக்கென்று வோல்டேஜ் இல்லாமல் மிதக்கும் அந்த உள்ளீடு, சிப் அதற்குச் சற்று முன் அளந்த பெடலின் மிச்சத்தையே காட்டும். மூன்றாவது, பட்டை ஏறி இறங்குகிறது, ஆனால் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் துடிக்கிறது என்றால் கரித்தடத்தில் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. இதைப் பார்க்கப் பெடலை வேகமாக மிதிக்கக் கூடாது. முழுதாக இறங்கப் பத்து விநாடி ஆகும்படி மெல்ல அழுத்துங்கள். துடிப்பு எப்போதும் அதே இடத்தில் வந்தால் தடம். பெடலை அசைக்காமல் வயரை மட்டும் ஆட்டினால் துடிப்பு வந்தால் லூஸ் காண்டாக்ட். நாற்காலிச் சக்கரம் ஏறி நசுங்கிய இடத்தையும், வயர் பெட்டிக்குள் நுழையும் வளைவையும் விரலால் தடவிப் பாருங்கள்.

பிரேக் மட்டும் நூறு சதவீதத்தைத் தொடவில்லை என்ற புகார் தனி. ஜி29இன் பிரேக்கில் ஸ்பிரிங்குக்குள் ஒரு ரப்பர்க் கட்டை இருக்கிறது. நிஜக் கார் பிரேக்போல் கடைசியில் கடினமாக இருக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. சிறுவர்களின் காலுக்கு அதை முழுதாக அமுக்க வலுப் போதாது. விளையாட்டில் பிரேக்கின் முழு அளவு எட்டும் புள்ளியைக் குறைத்து வைத்தால் போதும். ரப்பரை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு, அப்புறம் பிரேக் மெத்தென்று ஆகிவிடும். எங்களுக்கு முதல் வழியே உசிதமாகப் படுகிறது.

இனி உள்ளே. எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு, பெடலைக் கவிழ்த்துத் திருகுகளை எடுங்கள். எந்த நிற வயர் எந்தக் காலில் என்று கைபேசியில் இரண்டு படமாவது எடுத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். மின்தடையை ஓம் கணக்கில் அளக்க மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். இரண்டு ஓரக் கால்களுக்கு நடுவே அளந்தால், பெடலை மிதித்தாலும் விட்டாலும் அளவு மாறக் கூடாது. 10 கிலோ ஓம் என்பது வழக்கமான அளவு. ஓரக் காலுக்கும் நடுக் காலுக்கும் இடையில் அளந்தபடி மெல்ல மிதித்தால் எண் சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும். நடுவில் தாவினாலோ இணைப்பு அறுந்ததற்கு அடையாளமாக மீட்டர் 'ஓஎல்' என்றோ ஓரத்தில் வெறும் '1' என்றோ காட்டினாலோ குற்றவாளி கிடைத்துவிட்டது. அளவு சீராக இருந்தும் கம்ப்யூட்டரில் ஆடினால் சால்டர் இணைப்பைப் பாருங்கள். ஈயம் பளபளப்பின்றிச் சாம்பல் நிறத்தில் வளையமாக விரிசல் விட்டிருந்தால் அது டிரை சால்டர், சரியாக ஒட்டாத இணைப்பு.

தேய்ந்த பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றின் தகர மூடியை நிமிர்த்திப் பார்த்தால் எல்லாம் விளங்கும். குதிரை லாடம் போன்ற கருந்தடம். அதன் ஒரு பகுதியில் மட்டும் பென்சிலால் அழுத்தித் தேய்த்ததுபோல் மினுமினுக்கும் கோடு, ஓரத்தில் கரும்பொடி. தொடுமுனையை நகர்த்தும் தண்டு சுமார் 300 டிகிரி சுழலக்கூடியது. பெடல் அதில் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. ஆயிரமாயிரம் மிதியும் அந்தச் சிறு வளைவிலேயே விழுகிறது. மீதித் தடம் புதிது போலவே இருக்கும்.

சுத்தம் செய்ய எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனர் வேண்டும். கால்கள் உள்ளே போகும் இடுக்கில் குழாய் முனையை வைத்து ஒரு விநாடி வீதம் இரண்டே பீச்சல். பெடலை முப்பது நாற்பது முறை முழுதாக ஏற்றி இறக்குங்கள். பதினைந்து நிமிடம் காயவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும், ஆவி தீப்பற்றக்கூடியது. கிளீனர் கிடைக்காவிட்டால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊசிக்குழலால் ஐந்தாறு சொட்டு விடலாம். சாதாரண டபிள்யூடி-40, தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். முதல் நாள் குணமானதுபோல் தெரியும், பிறகு அந்த எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பிக்கொண்டு முன்பைவிட மோசமாகும். பெயின்ட் தின்னர் பிளாஸ்டிக்கையும் தடத்தையும் அரித்துவிடும். கிளீனரும் அளவுக்கு மீறினால் தண்டிலுள்ள கிரீஸைக் கழுவிவிடும்.

தூசி மட்டும் என்றால் இதோடு தீரும். தடமே தேய்ந்திருந்தால் சில வாரங்களில் துடிப்பு திரும்பும், அப்போது மாற்றுவதுதான் வழி. கழற்றிய பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் அச்சிட்டதைப் படியுங்கள். 'பி 10 கே' என்றிருந்தால் 'பி' என்பது சீராக ஏறும் வகை. 'ஏ' என்று போட்டது ஒலிக்கருவிக்கானது. அதைப் போட்டால் பெடலின் முதல் பாதியில் பெரிதாக ஒன்றும் நடக்காது, பிற்பாதியில் திடீரென்று எகிறும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் 'பி 10 கே' தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் தண்டின் தடிமன், நீளம், அதன் தட்டையான வெட்டு பழையதோடு பொருந்த வேண்டும். பெடலின் அசைவைத் தண்டுக்குக் கடத்தும் சிறு பல்சக்கரத்தைப் பழையதிலிருந்து நெம்பாமல் நேராக இழுத்து எடுங்கள்.

புதியதைப் பொருத்தும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பெடல் மேலே நிற்கும்போதும் தரையைத் தொடும்போதும் தண்டு தன் கடைசித் தடுப்பில் போய் இடிக்கக் கூடாது. இரு முனையிலும் 500 ஓமாவது மிச்சம் இருக்கும்படி பல்லைத் தள்ளிப் பொருத்துங்கள். இடித்தால் பல் உடையும். இன்னொன்று வயர். ஓரக் கால்கள் இரண்டும் இடம் மாறினால் பெடல் தலைகீழாக வேலை செய்யும், அவ்வளவுதான், மாற்றிப் பற்றவைத்தால் சரி. நடுக்கால் வயரை ஓரத்தில் வைத்து, மின்சார வயரை நடுவில் வைத்துவிட்டாலோ, பெடல் ஒரு முனையை எட்டும்போது மின்சாரமும் கிரவுண்டும் நேராகச் சேர்ந்து ஷார்ட் ஆகும். "போர்டு போயிடுச்சு" என்பது அப்போதுதான் உண்மையாகும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும், ஒரு காலுக்கு மூன்று விநாடிக்கு மேல் சூடு வைக்க வேண்டாம்.

புதுப் பாகம் கிடைக்கத் தாமதமானால் பழையதிலேயே பல்சக்கரத்தை இரண்டு மூன்று பல் தள்ளிப் பொருத்தலாம். தேயாத பகுதிக்குத் தொடுமுனை ஓரளவு நகர்ந்துவிடும்.

இவையெல்லாம் கரித்தட வகைக்குத்தான். காந்தத்தின் நகர்வை வைத்து மிதியை அளக்கும் காந்த சென்சார் உள்ள பெடலில் உரசலே இல்லை, கிளீனர் பீச்சிப் பயனும் இல்லை. காந்தம் தன் இடத்தைவிட்டு ஆடுகிறதா என்று பாருங்கள். லோட் செல் பிரேக் தூரத்தை அளப்பதில்லை, கால் கொடுக்கும் அழுத்தத்தை அளக்கிறது. மிதிக்காமலே சிறிது காட்டினால், கால் படாத நிலையில் மறுபடி காலிபரேஷன் செய்ய வேண்டும்.

தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எங்கள் வேண்டுகோள்: பல்சக்கரத்தோடு கூடிய பொட்டென்ஷியோமீட்டரைத் தனிப் பாகமாக விற்பனைக்கு வையுங்கள், எத்தனை ஓம், எந்த ஊசி எந்தப் பெடலுக்கு என்ற ஒரு வரைபடத்தைக் கையேட்டில் அச்சிடுங்கள். மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுது நீக்கும் உரிமைக்கென்றே இணையதளம் தொடங்கியது. மொபைலும் எலக்ட்ரானிக்ஸும் அதில் ஒரு பிரிவு. ஸ்டியரிங் செட்டுகளின் உதிரிபாக விவரத்தையும் அதில் சேர்க்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத செட்டை வாசகர்கள் தாங்களே திறக்காமல் முதலில் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவது நல்லது. அங்கேயும் 'மாற்ற வேண்டும்' என்றால், எந்தப் பெடலில் எத்தனை ஓம் காட்டியது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
மின்னணு சாதனங்கள் பழுது பார்க்கும் நண்பர்கள்,
கோயம்புத்தூர்.